மகளின் தலையில் ஒரு சத்தியம்

போன மாதம் ஷாமினி என் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆலோசனை நிலையத்தில் என் அறையில் இருந்து வேலை பார்ப்பவள். நிலையத்தின் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம்.

"ஒரு சக்சஸ் ஸ்டோரி போதும் மிஸ். வாசிக்கிற ஆக்களுக்கு நம்பிக்கை வரவேணும்."

"என்னட்ட நம்பிக்கை ஸ்டொக் இல்லைப் பிள்ளை. எப்பவோ முடிஞ்சுது."

"பகிடி விடாதேங்கோ மிஸ். எத்தினை பேரைத் திருத்தியிருக்கிறீங்க!"

திருத்தினேனாம். ஆட்கள் என்ன பரீட்சைத் தாளா, சிவப்புப் பேனையால் திருத்துவதற்கு? நான் பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். அவள் தன் ஃபோனைத் திறந்து காட்டினாள். குடியை விட விரும்புகிறவர்களுக்கு இப்போது காலையில் ஒரு செய்தி போகிறதாம். 'இன்று நீங்கள் வெல்லப் போகும் நாள்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மஞ்சள் சூரியன். அதைப் பார்த்து ஒருவன் சாராயத் தவறணைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சூரியனைப் பார்த்ததும் எனக்கு அருளப்பனின் முகம் வந்துவிட்டது. அவள் போன பிறகும் அது போகவில்லை. ஆண்டு மலரில் இதைப் போட மாட்டார்கள் என்று தெரியும். போடாவிட்டால் போகட்டும், எழுதி முடித்தால்தான் எனக்கு வேறு வேலை ஓடும்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி ஒருவர் பிடித்து அனுப்பித்தான் இந்த ஆலோசகர் படிப்புக்குப் போனேன். படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் வந்த விரிவுரையாளர், மனிதனின் நடத்தை எல்லாம் பழகிக்கொண்டது, நல்லதுக்குப் பரிசு கொடு, கெட்டதைக் கவனியாமல் விடு, பழக்கம் மாறும் என்றார். அடுத்து வந்தவர், அது மிருகங்களைப் பழக்குகிற வேலை, நீ வாயை மூடிக்கொண்டு அன்போடு கேள், மருந்து அவனுக்குள்ளேயே இருக்கிறது என்றார். மூன்றாமவர், துன்பம் எல்லாம் பிழையான எண்ணத்தால் வருவது, எண்ணத்தைப் பிடித்து அதற்குச் சாட்சி கேள் என்றார். பிறகு ஒருவர் படிக்கட்டு கொண்டுவந்தார்: மாற நினையாதவன், நினைக்கிறவன், ஆயத்தம் பண்ணுகிறவன், மாறுகிறவன், மாறியதைக் காக்கிறவன் என்று படிப்படியாக. எல்லாரும் தங்கள் மருந்தே மருந்து என்றார்கள். நாங்கள் கொழும்பு ஆட்கள். செவ்வாய்க்கிழமை அந்தோனியார், வெள்ளிக்கிழமை முருகன் என்று எல்லா வாசலிலும் மெழுகுதிரியும் கற்பூரமும் கொளுத்திப் பழகியவர்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

நிலையத்தை நடத்தியவர் இராஜசிங்கம் சேர். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் குடியிருந்தார். அவர் குரல் உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கதிரையை நேருக்கு நேர் போடக் கூடாது, சற்றுச் சரித்துப் போட வேண்டும், வந்தவர் விரும்பினால் எங்கள் முகத்தைப் பார்க்கலாம், விரும்பாவிட்டால் யன்னலைப் பார்க்கலாம் என்பார். மணிக்கூடு வந்தவரின் முதுகுப் பக்கச் சுவரில் இருக்க வேண்டும். அழுகிறவருக்குக் கண் துடைக்க லேஞ்சி எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், "அழுதது காணும், நிப்பாட்டுங்கோ" என்று சொன்ன மாதிரியாம். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக் கூடாது. "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அவரிடம் லீவு கேட்கப் போனாலும் அதையேதான் கேட்பார். எரிச்சல் வரும். ஆனால் மனிதர் கண்ணியமானவர். ஒரு நோயாளியைப் பற்றி வெளியில் ஒரு சொல் கதைத்ததில்லை, ஒருவரையும் ஏளனமாகப் பார்த்ததில்லை. அவரை நான் இப்போதும் மதிக்கிறேன். இந்தக் கதையில் கெட்டவர்கள் ஒருவருமில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குடி, சூது போன்ற பழக்கங்களுக்கு அவர் ஓர் ஒப்பந்தம் செய்விப்பார். வந்தவர் தன் வாயால் என்ன விடப்போகிறார் என்று சொல்ல வேண்டும். காத்தால் தனக்கு என்ன பரிசு, மீறினால் தனக்கு என்ன இழப்பு என்பதையும் அவரே சொல்ல வேண்டும். இழப்பு வலிக்கிற இழப்பாக இருக்க வேண்டும் என்பதில் சேர் கடும் கண்டிப்பு. குதிரைப் பந்தயம் விளையாடிய ஒரு கிளாக்கர் தன் பெரிய மீசையைப் பணயமாக வைத்தார். இரத்மலானையிலிருந்து வந்த ஒருவர், மீறினால் மாமியாரை வீட்டோடு கூட்டிவந்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் அதற்குப் பிறகு ஒரு துளி தொடவில்லை. நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அருளப்பன் என்னிடம் வந்தது கொட்டாஞ்சேனைக் கிளையில். ஒரு தேவாலய மண்டபத்தின் பின் அறையில் சனிக்கிழமைகளில் இருப்போம். ஹாபரில் கப்பல் சாமான் இறக்குகிற வின்ச் பிடிக்கிறவர், பெரிய கைகள், அடிக்காத, ஏசாத குடிகாரர். குடித்தால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து வாசலிலேயே படுத்துவிடுவார். மனைவி ரீட்டா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கால் வீங்கியிருந்தது. ஈரல் பழுது, இனிக் குடித்தால் ஆள் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

அன்றைக்கு மேற்பார்வைக்காக இராஜசிங்கம் சேரும் அறையில் இருந்தார். ஒப்பந்தத்தில் இழப்பு என்ற இடத்துக்கு வந்ததும் அருளப்பன் ஒன்றுக்கும் மசியவில்லை.

"வேலை போகும் எண்டு எழுதுவமா?"

"போனா போகட்டும் மிஸ். வத்தளைப் பக்கம் ஃபக்டரி இருக்கு."

"ரீட்டா தாய் வீட்ட போயிடுவா எண்டு?"

"அவ எத்தினை தரம் போயிட்டா! ரெண்டு நாளில வந்திடுவா."

"அப்ப உங்களுக்கு எது போனாத் தாங்கேலாது, அருள்?"

அவர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, வெளியே வாங்கில் இருந்த மகளைக் கூப்பிட்டார். ஜெனிற்றா. பத்து வயது இருக்கும். நீலச் சட்டை, கையில் பாதி கடித்த பணிஸ். என்ன ஏதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். அருளப்பன் தன் பெரிய கையை அவள் தலையில் வைத்தார்.

"இந்தப் பிள்ளைட தலையில அடிச்சுச் சத்தியம். இனி ஒரு சொட்டுக் குடிச்சா, இந்தத் தலை எனக்கில்லை."

ரீட்டா "ஐயோ, என்ட மாதாவே" என்று வாயைப் பொத்தினாள். பிள்ளையின் சிரிப்பு நின்றுபோயிற்று. சேர் பேனையின் மூடியைக் கழற்றி, "அதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கோ" என்று மெதுவாகச் சொன்னார்.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தியம் என்னவென்று தெரியும். கடவுள் மேல் சத்தியம் பண்ணி மீறினால் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணலாம், கடவுள் மன்னிப்பார். பிள்ளையின் தலைக்கு மன்னிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தியம் விளையாட்டுக்கு வந்தாலும் அப்பா வாயில் அடிப்பார். அவர்கள் போன பிறகு சேரிடம் சொன்னேன்.

"சேர், இதை அவை பகிடியா எடுக்க மாட்டினம். அவர் மீறினா பிள்ளை செத்திடும் எண்டுதான் நம்புவினம்."

"நல்லது தானே. எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு பிடிமானம். நம்பிக்கை சரியோ பிழையோ எண்டு நாங்கள் பார்க்கத் தேவையில்லை. நடத்தை மாறினாச் சரி."

அவர் சொன்னபடியே மாறியது. அருளப்பன் அன்றிலிருந்து விட்டார். எப்படி விட்டார் என்று கேட்டால் விட்டார், அவ்வளவுதான். கை நடுங்கியது, வியர்த்தது, கட்டிலில் கிடந்து புரண்டார், ஆனால் தொடவில்லை. கால் வீக்கம் வற்றியது. நத்தாருக்கு எங்களுக்கு ஒரு முழு கிறிஸ்மஸ் கேக் கொண்டுவந்தார். "தவறணைக்காரன் என்னைக் கண்டா இப்ப முகத்தைத் திருப்புறான் மிஸ், கடன்காரனைக் கண்ட மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். சேர் அந்த ஒப்பந்தத்தைப் பெயர் சொல்லாமல் ஒரு கருத்தரங்கில் எடுத்துச் சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த வருஷம் கோயில் பெருநாள் முடிந்த கையோடு ரீட்டா வந்தாள். இந்த முறை மகளைக் கூட்டிக்கொண்டு.

"சாப்பாடு இறங்குதில்லை மிஸ். தின்னுறதெல்லாம் சத்தியா வெளிய வருது. தலைமயிர் கையோட வருது. பள்ளிக்கூடத்தில எந்த நேரமும் வீட்ட போக வேணும் எண்டு அழுறாளாம். டொக்டர்மார் ஒண்டுமில்லை எண்டினம்."

பிள்ளைக்குக் கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்தது. பல சனிக்கிழமைகள் அவள் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கலர்ப் பென்சிலைச் சீவிச் சீவி அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்படியே, தலை நிமிராமல் கதைத்தாள்.

"அப்பா ஹாபரால வந்தவுடன நான் ஓடிப்போய்க் கன்னத்தில கொஞ்சுவன்."

"அவ்வளவு விருப்பமா அப்பாவில?"

"இல்லை மிஸ். வாய் மணம் பாக்க."

பென்சில் என் கையில் நின்றுவிட்டது.

"மணம் இல்லாட்டி?"

"அண்டைக்கு நான் இருப்பன்."

"அடுத்த நாள்?"

"அடுத்த நாளும் அவர் வேலைக்குப் போவார் தானே மிஸ்."

தகப்பனின் குடியை விட வைத்தது எங்கள் ஒப்பந்தம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அதைத் தன் தலையில் சுமந்து திரிந்தது இந்தப் பிள்ளை. அவர் பஸ்ஸில் ஏறும்போது, சினேகிதர்களோடு நிற்கும்போது, ஒரு கலியாண வீட்டுக்குப் போகும்போது, ஒவ்வொரு தரமும் இவள் உயிர் போய் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அந்தச் செத்த வீடு. அருளப்பனோடு வேலை செய்த ஒருவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்ததும் சவக்காலையில் யாரோ ஒரு கிளாஸை நீட்டினார்கள். செத்தவனுக்காக ஒரு வாய் என்று வற்புறுத்தினார்கள். அருளப்பன் ஒரு வாய் குடித்துவிட்டார். குடித்தவுடனேயே புரிந்து, விரலை விட்டுச் சத்தி எடுத்து, வாயைக் கழுவி, ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். வாசலில் மகள் ஓடிவந்து கொஞ்சினாள்.

அவள் கத்தவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தால் தாயைக் கூப்பிட்டு, "அம்மா, என்ட முதல் நன்மை உடுப்பு இன்னும் எனக்கு அளவா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். எங்களில் சின்னப் பெண்பிள்ளை இறந்தால், முதல் தரம் நற்கருணை வாங்கிய அன்றைக்குப் போட்ட அந்த வெள்ளை உடுப்பைத்தான் போட்டுப் பெட்டியில் வைப்போம். ரீட்டா இதை என்னிடம் சொல்லும்போது மாரில் அடித்து அடித்து அழுதாள். நான் சேரின் சட்டத்தை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு என் லேஞ்சியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் பிள்ளை சாவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாகவில்லை. எண்ணத்துக்குச் சாட்சி கேட்கப் படித்தவள் அல்லவா நான்? "பார் ஜெனி, அப்பா குடிச்சார், உனக்கு ஒண்டும் நடக்கேல்ல தானே?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"கடவுளுக்கு நிறைய வேலை மிஸ். ஞாபகம் வந்தா எடுப்பார்."

அருளப்பனோ முன்னையைவிட இறுகிப்போனார். ஒருவர் வீட்டுக்கும் போவதில்லை, ஒருவரோடும் நிற்பதில்லை. வேலை, வீடு, கோயில். ஒரு வாயோடு தப்பினோம், இன்னொரு வாய் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்ற பயம். அதனால் அந்த வீட்டின் நிலை இப்படி ஆயிற்று: சத்தியம் இருக்கும் வரைக்கும் தகப்பன் இருப்பார், பிள்ளை தேய்ந்து போகும். சத்தியத்தை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைக்கும், தகப்பன் போய்விடுவார். இதைக் கண்டுபிடிக்க ஒரு படிப்பும் தேவையில்லை. ரீட்டாவுக்கே தெரிந்திருந்தது.

நான் முதலில் கோயில் சுவாமியிடம் போனேன். சத்தியத்தை அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்டேன். அவர் பாவம், தலையைச் சொறிந்தார். "நேர்த்திக்கடன் எண்டா நான் அவிழ்ப்பன் மகள். இது மூடநம்பிக்கை. கோயிலில கட்டாத முடிச்சை நான் எப்படி அவிழ்க்கிறது?" என்றார். பிறகு சேரிடம் போனேன்.

"உங்கட கேஸ் யார்?" என்றார் சேர்.

"பிள்ளை."

"அப்ப பிள்ளைக்கு வேண்டியதைச் செய்யுங்கோ. எண்ணத்தைச் சோதிச்சுப் பார்க்க வையுங்கோ. சின்னச் சின்னச் சத்தியம், சின்னச் சின்ன மீறல்."

"தகப்பன், சேர்?"

"அவருக்கு வேற பிடிமானம் குடுப்பம்."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருக்கினம் சேர். ஒருத்தற்ற மருந்து மற்றவருக்கு நஞ்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் என்று கேட்கப் போகிறார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. "அவள் குழந்தை" என்று மட்டும் சொன்னார். அது சரிதான். இன்றைக்கு யோசித்தாலும் அது சரிதான்.

சின்னச் சத்தியம் யார் தலையில் பண்ணுவது? தன் தலையில் பண்ண அவள் சம்மதிக்கவில்லை, தாயின் தலையைக் கேட்கவே கூடாது. "என்ட தலையில பண்ணு" என்றேன் நான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பல கிழமைகள் அதிலேயே போயின. முதலில் என் தலையைத் தொடுவது, தொட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பது, பிறகு "நான் இண்டைக்கு டொஃபி சாப்பிட மாட்டன்" என்று சொல்வது. சொன்ன அன்றைக்கு நான் ஒரு டொஃபியை உரித்து அவள் முன்னால் வைத்தேன். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். கடைசியில் வாயில் போட்டுக்கொண்டு, "மிஸ் செத்திடாதேங்கோ, மிஸ் செத்திடாதேங்கோ" என்று விக்கி விக்கி அழுதாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். எத்தனை படித்தாலும் நான் கொட்டாஞ்சேனைக்காரி. அவள் போனவுடன் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் மண்டபத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். நான் கதிரையில் இருந்தேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அந்த ஒரு முகத்துக்காக நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகு மளமளவென்று நடந்தது. சத்தியம் பண்ணுவாள், மீறுவாள், வந்து எட்டிப் பார்ப்பாள். போகப் போக எட்டிப் பார்ப்பதை மறந்துவிட்டாள். சாப்பிடத் தொடங்கினாள். தகப்பனைக் கொஞ்சுவதை விட்டாள்.

முடிவில் எல்லாரையும் ஒன்றாக இருத்தி, பிள்ளை தன் வாயால் தகப்பனுக்குச் சொல்லவேண்டும் என்பது சேரின் ஏற்பாடு. ஜெனிற்றா தகப்பனுக்கு முன்னால் நேராக நின்று சொன்னாள்.

"அப்பா, நீங்க குடிச்சாலும் நான் சாக மாட்டன். சத்தியத்தால ஒண்டும் நடக்காது. நான் இப்ப பயப்பிடுறேல்ல."

அருளப்பன் அவளைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். ரீட்டாவும் அழுதாள். பிள்ளை அவர் பிடியிலிருந்து நழுவி, மேசையில் இருந்த மீன் பணிஸை எடுத்து முழுதாகத் தின்று முடித்தாள். சேரின் கண்கூடக் கலங்கியிருந்தது. எல்லாரும் வெளியே போன பிறகு அருளப்பன் கதவடியில் நின்றார்.

"அவளுக்குச் சரி மிஸ். பெரிய புண்ணியம். இனி நான் என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

"உங்கட உயிர் இருக்குத் தானே, அருள். டொக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"என்ட உயிரா?" அவர் சிரித்துவிட்டார். "அதை நான் எப்ப மிஸ் ஒரு பொருட்டா எடுத்தனான்?"

அவருக்காக நாங்கள் படித்தது முழுவதையும் இறக்கினோம். ஒன்றை மிச்சம் வைக்கவில்லை. தவறணை இல்லாத பாதையால் ஹாபரிலிருந்து வீட்டுக்கு நடக்கப் பழக்கினேன். ஆசை கடல் அலை மாதிரி எழும்பி விழும், விழும் வரை பொறு என்று சொல்லிக் கொடுத்தேன். குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்கு வத்தளைக்கு அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்றார். எல்லாவற்றுக்கும் வந்தார். ஒரு கிழமை வராமல் இருந்துவிட்டு வந்தார், வாய் மணத்தது. ஒரு தரம் சறுக்கினால் விழுந்ததாகாது, எழும்பி நடக்கலாம் என்றேன். அந்த வசனம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு ஒவ்வொரு தரமும் தள்ளாடிக்கொண்டு வந்து, "மிஸ், சறுக்கினது தானே, விழேல்ல" என்று அவரே எனக்குச் சொல்வார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

ரீட்டாவின் தலையில் சத்தியம் பண்ணப் போனார். அவள் தலையைக் கொடுக்கவில்லை. "குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு" என்று தள்ளிவிட்டாள். ஒரு நாள் என்னிடம் வந்து, திரும்பவும் ஒரே ஒரு தரம் பிள்ளையின் தலையில் பண்ணவா என்று இரகசியமாகக் கேட்டார். "வாயை மூடுங்கோ அருள்!" என்று கத்திவிட்டேன். என் வேலைக் காலத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து நான் கத்தியது அந்த ஒரு தரம்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

ஹாபர் வேலை போயிற்று. பிறகு கால் வீங்கியது, வயிறு வீங்கியது. பெரியாஸ்பத்திரி வார்ட்டில் நான் கடைசியாகப் பார்க்கப் போனபோது கண் மஞ்சளாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் எழும்பி இருக்கப் பார்த்தார். "ஜெனி நல்லாச் சாப்பிடுறாள் மிஸ்" என்றார். ஆறுதல் சொல்லப் போனது நான், சொன்னது அவர்.

அவருடைய செத்த வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். ஒழுங்கையில் கதிரைகள் போட்டிருந்தார்கள், செபமாலை நடந்துகொண்டிருந்தது. சேரும் வந்து ஓரமாக நின்றார். அந்த ஒப்பந்தத்தை அவர் பிறகு ஒருவருக்கும் செய்விக்கவில்லை, அதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததுமில்லை. ஜெனிற்றா வளர்ந்திருந்தாள், ஓ லெவல் பரீட்சை எழுதும் வயது. நல்ல உயரம், நல்ல ஆரோக்கியம். பெட்டியடியில் நின்றவள் என்னைக் கண்டதும் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அழவில்லை.

"மிஸ், ஒண்டு கேக்கட்டா? நான் அந்தச் சத்தியத்தை நம்பிக்கொண்டே இருந்திருந்தா, அப்பா இருந்திருப்பார், என்ன?"

நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்கலாம். அது உன் பிழை இல்லை என்று சொல்லலாம். குடி ஒரு நோய் என்று விளக்கலாம். எல்லாம் வரிசையாக வாய் வரை வந்தன. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் பிள்ளை" என்றேன். "இருந்திருப்பார். நீ இருந்திருக்க மாட்டாய்."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"அப்பா வார்ட்டுக்குப் போறதுக்கு முதல் என்னட்டக் கேட்டவர், மிஸ். திரும்ப ஒருக்காத் தலையில கை வைக்கட்டா எண்டு. அம்மா குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு. நான் போய் அவற்ற காலடியில இருந்து தலையைக் குனிஞ்சு குடுத்தனான். கையை வைச்சார். சத்தியத்தைச் சொல்லேல்ல. பிறகு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது மிஸ். அவருக்கும் வந்திட்டுது. ஒண்டும் நடக்காது எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும் தானே."

பெட்டியைத் தூக்க ஆட்கள் எழும்பினார்கள். ஜெனிற்றா எழும்பித் தாயிடம் போனாள். நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.